அரைமணி நேரம் பேச ஆள் இருக்கா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் காலைப் பாரம் இறக்கி முடிந்ததும் கடைப் பையன்கள் டீக்கடைக்குப் போவார்கள். டீ முடிந்த கையோடு சிலர் ஒரு சிட்டிகை புகையிலையைக் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொள்வார்கள். பிறகு யாராவது ஏதாவது கேட்டால், எச்சில் சிந்தாமல் முகவாயைத் தூக்கிக்கொண்டுதான் பதில் வரும். கேரளத்தில் குட்காவும் பான்மசாலாவும் 2012லேயே தடை செய்யப்பட்டவை. தடையும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது.

திட்டு ஏன் ஏறுவதில்லை?

முதலாளி திட்டுகிறார். ஊரிலிருந்து அம்மா போனில் அழுகிறாள். கெடுதல் என்று பையனுக்குத் தெரியாதா? புண் வந்த வாயின் படம் போட்ட பாக்கெட்தான் அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

மார்க் நிக்டர், மிமி நிக்டர் இருவரும் அரிசோனா பல்கலைக்கழகத்தின் மருத்துவ மானுடவியலாளர்கள். கர்நாடகக் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்றை 2004ல் சக ஆய்வாளருடன் வெளியிட்டார்கள். சிகரெட் எதற்கு என்று கேட்டதற்கு மாணவர்கள் சொன்ன காரணங்கள்: ஆம்பிளைத்தனம், பொழுது போகாமை, டென்ஷன். நுரையீரலைப் பற்றி நாம் செய்கிற பிரசங்கம் இந்த மூன்றில் எதையும் தொடுவதில்லை.

இந்த ஊர் ஆய்வு

மார்க் நிக்டர் திருவனந்தபுரத்துக்கும் வேண்டியவர். ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் கே.ஆர்.தங்கப்பன் குழுவோடு சேர்ந்து புகையிலை ஆய்வுகள் செய்தவர். அந்தக் குழு 2013ல் வெளியிட்ட ஓர் ஆய்வைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

கேரளத்தில் புகைபிடிக்கும் சர்க்கரை நோயாளிகள் 224 பேர். ஒரு பிரிவுக்கு ‘புகையை விடுங்கள்’ என்று டாக்டர் சொன்னார், படிக்கத் தாள் கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு அதோடு, டாக்டரல்லாத சுகாதாரப் பணியாளர் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார். ஆறு மாதம் கழித்து, கடந்த ஏழு நாளாகப் புகைக்கவில்லை என்றவர்கள் முதல் பிரிவில் 12.5 சதவீதம், இரண்டாவதில் 51.8 சதவீதம். இவர்கள் வயது வந்தவர்கள், நோயாளிகள். இளவட்டத்துக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள்.

அந்தப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. பழக்கத்தைக் கேட்பது, விடச் சொல்வது, விட மனம் இருக்கிறதா என்று பார்ப்பது, வழி காட்டுவது, மறுபடி எப்போது பார்ப்பது என்று நாள் குறிப்பது. நம் வீடுகளில் இரண்டாவது மட்டும்தான் நடக்கிறது, அதுவும் உரத்த குரலில். கடைசியானது நடப்பதே இல்லை.

திரும்பிப் போகிற இடம்

பேச்சு மட்டும் போதாது, விட்டவன் திரும்பிப் போகிற இடமும் முக்கியம். 1970களில் அமெரிக்கச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ், வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி ஊர் திரும்பிய சிப்பாய்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். முதல் ஆண்டுக்குள் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். போர்க்களமும், கையெட்டும் தூரத்தில் கிடைத்த சரக்கும், கூட்டாளிகளும் மாறியதற்கு இதில் பெரும் பங்கு என்று பலர் கருதுகிறார்கள்.

நம் பையனுக்கு நடப்பது நேர்மாறு. சிகிச்சை முடிந்து அவன் வருவது கடைப் பையன்கள் தங்கும் அதே மாடி அறைக்கு, அதே நாலு பேரோடு படுக்க. அறையை மாற்றிக் கொடுக்கவோ, வேலை நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கவோ கடை அண்ணாச்சியால் முடியும். டாக்டரால் அது முடியாது.

கவனிக்க வேண்டியவை

புகையிலையை நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரத்தில் அதிகம். பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். உயிருக்கு ஆபத்தில்லை.

மது அப்படியல்ல. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பிதற்றல் வரலாம். அறையில் பூட்டி வைத்து ‘திருத்துவது’ ஆளையே கொன்றுவிடலாம். ஆஸ்பத்திரியில், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

கஞ்சா, போதை மாத்திரை என்றால் போலீசுக்குப் பயந்தே பெற்றோர் மறைக்கிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு மையத்திலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் அந்த விலக்குப் பறிபோகலாம். கேரள அரசின் விமுக்தி உதவி எண் 14405. தேசிய எண் 14446. போன் செய்யும்போது பையனும் பக்கத்தில் இருக்கட்டும். பேச வேண்டியவன் அவன்தானே.