கடல் மூச்சுவிடும் பொந்துகள்

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இலங்கைக்குப் போனவர், தென்கரையில் திக்வெல்லைக்குப் பக்கத்தில் ஹும்மானயவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பாறைக்கு அடியில் கடல் குடைந்த பொந்துக்குள் அலை புகுந்து, மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீரைத் தென்னை உயரத்துக்குப் பீச்சியடிக்கும் இடம் அது. அப்போது எழும் ‘ஹூம்’ சத்தம்தான் பெயருக்கே காரணம். “நம்ம புதுச்சேரிக் கடற்கரையில் இப்படி ஒரு குகைகூட இல்லையே, ஏன் சார்?” என்று கேட்கிறார்.

கரையில் பாறை இல்லை, அதனால் குகை இல்லை. ஆனாலும் ஊரில் பாறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோரிமேட்டுச் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது, நிலவியலார் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயரிட்ட பாறைதான். அது கடலைத் தொடாமல் உள்ளே தள்ளி நின்றுவிட்டது. அதனால் குடையும் வேலை மழைக்குப் போயிற்று. பொம்மையார்பாளையம் பக்கம் மழைநீர் அரித்த செங்குத்துப் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருச்செந்தூரில் மணற்பாறை கடலோரத்திலேயே இருக்கிறது. வள்ளி குகைக்குள் குனிந்து போனவர்கள் அந்தப் பாறைக்குள்தான் போயிருக்கிறீர்கள்.

அலை மோதுவதால் பாறை உடைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கடுத்து நடப்பது. பாறையிடுக்கில் எப்போதும் காற்று இருக்கும். அலை வந்து வாசலை அடைத்ததும் அந்தக் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. சைக்கிள் பம்ப்பின் வாயைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு அடித்திருக்கிறீர்களா? விரலைத் தள்ளிக்கொண்டு சீறுமே, அதுபோல நெருக்குண்ட காற்று பாறையின் விரிசல்களை உள்ளிருந்து நெம்பும். அலை பின்வாங்கியதும் அந்த அழுத்தம் சட்டென்று விடுபடும்; ஏற்கெனவே தளர்ந்த கல் பெயர்ந்து விழும். ஒவ்வோர் அலைக்கும் ஒரு தரம், ராத்திரி பகல் பாராமல். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரிதான்; என்ன, இந்தத் துருத்தி தன் பட்டறையையே உடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த மூச்சை வேலை வாங்க முடியுமா என்று யோசித்தவர்கள் உண்டு. நம் சென்னை ஐ.ஐ.டி.க்காரர்கள் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில், மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி ஒரு செயற்கைக் கடற்குகையையே கட்டினார்கள். கான்கிரீட் அறை, அலை உள்ளே வர நீர்மட்டத்துக்குக் கீழே வாசல், மேலே காற்று போக ஒரு வழி, அந்த வழியில் ஒரு சுழலி. 1991இல் ஓடத் தொடங்கிய அதன் திறன் 150 கிலோவாட்.

அலை ஏறும்போது காற்று வெளியே போகும், இறங்கும்போது உள்ளே வரும். சாதாரணக் காற்றாடி என்றால் முன்னும் பின்னுமாகத் திண்டாடும். பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்து ஆலன் வெல்ஸ் இதற்கென்றே ஒரு சுழலி செய்தார். அதன் இதழ்கள் இரு பக்கமும் ஒரே வளைவு கொண்டவை. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இதழ் தன் தடித்த விளிம்பின் பக்கமாகவே இழுபடும். எனவே சுழற்சி ஒரே திசையில். என் அம்மாவின் தையல் மெஷினில் பாதம் முன்னும் பின்னும் போக, சக்கரம் ஒரே பக்கம் சுற்றும். சிறு வயதில் நான் மிதித்தால் மட்டும் அது எதிர்ப்பக்கம் சுற்றி நூலை அறுத்துவிடும். முதுகில் ஓர் அடி விழும். வெல்ஸின் சுழலி எதிர்ப்பக்கம் சுற்றாது. விழிஞ்ஞத்து அறை இன்று ஓடவில்லை. கட்டிக் காட்டுவதில் நமக்கு இருக்கும் உற்சாகம், ஓட்டிப் பராமரிப்பதில் இருப்பதில்லை.

இனி வாசகருக்கு ஒரு சேதி. நம் ஊரிலும் கடற்குகைகள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கில், கையகலத்தில். வருடத்தின் பெரும்பகுதி நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே ஊரின் மணற்கரை போயிற்று. கடலைத் தடுக்கக் கருங்கல் கொட்டினோம். வைத்திக்குப்பத்துக்காரர்களைக் கேளுங்கள், படகு இழுத்துவைக்க இடமில்லாமல் போன கதையைச் சொல்வார்கள். பிற்பாடு தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் வைத்த செயற்கைத் திட்டால் தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. மற்றபடி, கல்தான்.

அந்தக் கல்லிடுக்குகளில்தான் ஹும்மானயவின் வேலை நடக்கிறது. அலை புகும்போது அடியில் ‘தும்’ என்று ஓர் அதிர்வு, பிறகு பாம்பு மாதிரி ஒரு சீறல். நாமோ அந்த இடுக்குகளில் பிறந்தநாள் கேக் அட்டையையும் பாட்டிலையும் செருகிவிட்டுப் போகிறோம். மூச்சுவிடும் மூக்கில் பஞ்சடைப்பதைச் செத்தவர்களுக்குத்தான் செய்வார்கள்.

இரவு அடைத்த கடற்கரைச் சாலையில் காலை ஏழரைக்கு மேல் வண்டிகள் வந்துவிடும், பிறகு எதுவும் கேட்காது. ஆறு மணிக்கே போய்ப் பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, சாலையோரமாகவே நின்று கேளுங்கள். கல்மேல் இறங்க வேண்டாம், பாசி வழுக்கும்.