டிக்கெட் விற்காத தளங்கள்!

நியூயார்க்கில் கால் வைத்ததும் எல்லோருக்கும் பார்வை தானாக மேலே போகும். போகட்டும். ஆனால், மன்ஹாட்டனின் மேற்குக் கோடியில் இருக்கும் ஹட்சன் யார்ட்ஸ் சதுக்கத்துக்குப் போனால் ஒரு கணம் தரையையும் பாருங்கள். சுற்றிலும் மரங்கள், பூச்செடிகள், உட்கார இருக்கைகள். பக்கத்திலேயே 1,270 அடி உயரத்துக்கு '30 ஹட்சன் யார்ட்ஸ்' கோபுரம். எல்லாம் மண்ணில் ஊன்றி நிற்பதாகத்தான் தோன்றும். அதுதான் இல்லை! உங்கள் காலடியில் இருப்பது ரயில்வே யார்டு. 30 தண்டவாளங்கள்! காலையில் லாங் ஐலண்டிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து இறக்கிவிட்ட ரயில்கள், மாலை நெரிசல் நேரம் வரும்வரை உங்களுக்குக் கீழேதான் காத்துக்கிடக்கின்றன.

டிக்கெட் வாங்கி, லிஃப்ட் ஏறி, உச்சியிலிருந்து ஊரைப் பார்ப்பது சுகம்தான். அந்தக் கட்டடம் எப்படி நிற்கிறது என்று உள்ளே எட்டிப் பார்ப்பது அதைவிடப் பெரிய சுகம். யாரும் டிக்கெட் விற்காத அந்த இடங்களுக்கு ஒரு சுற்றுப் போய் வருவோம், வாருங்கள்!

ரயிலுக்கு மேலே தோட்டம்

ஹட்சன் யார்ட்ஸ் திட்டத்தின் மொத்தப் பரப்பு 28 ஏக்கர். அதன் கிழக்குப் பாதி 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. வேலை நடந்த காலம் முழுக்க ரயில்கள் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருந்தன. தண்டவாளங்களுக்கு இடையே கிடைத்த சந்துகளில் துளையிட்டு, பாறையைத் தொட்டு, கான்கிரீட் நிரப்பி, இப்படியே 300 தூண்களை இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தூண்கள் தாங்கும் மேடையைத்தான் நாம் தரை என்று நம்பி நடக்கிறோம்.

மேடை கிடைத்துவிட்டது, மரம் வளர வேண்டுமே? அங்கேதான் சுவாரஸ்யம் ஆரம்பம். ரயில்கள் கக்கும் வெப்பத்தில் கீழே 150 டிகிரி ஃபாரன்ஹீட்வரை சூடு ஏறக்கூடும். அப்படியே விட்டால் வேர்கள் வெந்தே போகும். அதனால் ஜெட் எஞ்சின்களில் இருப்பதைப் போன்ற 15 ராட்சத மின்விசிறிகள் கீழேயுள்ள சூடான காற்றை இடைவிடாமல் வெளியேற்றுகின்றன. போதாதென்று, மண்ணுக்கு அடியிலுள்ள கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்து குளிர்ந்த திரவத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். நியூயார்க்கின் ஒரு மரத்துக்கு வேரில் ஏசி! மழைநீரையும் வீணாக்கவில்லை. 60,000 கேலன் தொட்டியில் பிடித்துவைத்து, அதையே செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

இன்னொரு ரகசியம் அதற்கும் கீழே இருக்கிறது. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் பின்னாளில் புதிய ரயில் சுரங்கம் வரவேண்டும். மேலே கோபுரங்களைக் கட்டி முடித்துவிட்டால் அதற்கு வழி கிடைக்காது. எனவே 2013-லேயே பள்ளம் தோண்டி, வராத ரயிலுக்காகக் கான்கிரீட்டில் நீளமான பெட்டி ஒன்றைக் கட்டி, இடம்பிடித்து வைத்துவிட்டார்கள். அடுத்த தலைமுறையின் பயணத்தை நினைத்துச் செய்த இந்த வேலைக்கு எந்தக் கண்ணாடிக் கோபுரமும் ஈடில்லை என்பேன்.

யார்டின் மேற்குப் பாதி இன்னும் மூடப்படவில்லை. ஹை லைன் பூங்காவின் நடைபாதை அதைச் சுற்றி வளைந்து போகிறது. அங்கே நின்றால் வரிசை வரிசையாக ரயில்களைப் பார்க்கலாம், காசே கொடுக்காமல்!

நகர்ந்து போகும் அரங்கம்

அதே வளாகத்தில் 'தி ஷெட்' என்றொரு கலை அரங்கம். 2019 ஏப்ரலில் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மெத்தை மெத்தையாக வெள்ளைப் போர்வை போர்த்திய கட்டடம். அந்தப் போர்வை கண்ணாடி இல்லை. ஈடிஎஃப்ஈ என்ற உறுதியான பிளாஸ்டிக், உள்ளே காற்று நிரப்பியது. கண்ணாடியின் எடையில் சிறு பங்குதான் இருக்கும்.

சரி, எடையைக் குறைக்க ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? கட்டடம் நகர வேண்டுமே! 120 அடி உயரமுள்ள இந்த வெளிக்கூடு தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் 6 அடி விட்டம். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன்கள் தண்டவாளத்தில் உருளும் நுட்பத்தையே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் கூடு உருண்டு முன்னே வர, திறந்தவெளியாக இருந்த முற்றம் பெரிய அரங்கமாகிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் கூடு பின்னால் போய்விடும், முற்றம் மறுபடி மக்களுக்கு!

60 அடி அகலம், 1,428 அடி உயரம்

இப்போது 57-வது தெருவுக்கு. 1925-ல் கட்டிய ஸ்டெய்ன்வே பியானோ மாளிகையின் தோளுக்குப் பின்னாலிருந்து '111 வெஸ்ட் 57' எழுகிறது. உயரம் 1,428 அடி, அகலம் ஏறத்தாழ 60 அடி. ஒரு பங்கு அகலத்துக்கு 24 பங்கு உயரம். உலகிலேயே மிக ஒல்லியான வானளாவி இதுதான். பெரும்பாலும் ஒரு தளத்துக்கு ஒரே வீடு.

இவ்வளவு ஒல்லியான கட்டடத்துக்குப் பெரிய எதிரி காற்று. எதிரே வரும் காற்று கட்டடத்தில் மோதி இரண்டாகப் பிரிந்து, இடமும் வலமும் மாறி மாறிச் சுழிகளை உண்டாக்கும். அந்தச் சுழிகளின் தாளமும் கட்டடத்தின் இயல்பான ஆட்டத்தின் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஆட்டம் பெருகும். கட்டடம் விழுந்துவிடாது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

மருந்து உச்சியில் இருக்கிறது. 800 டன் எடை! டியூன்டு மாஸ் டேம்பர் என்று பெயர். ஆடும் ஊஞ்சலை எதிர்ப்பக்கமாகப் பிடித்து இழுத்தால் எப்படி வேகம் அடங்குமோ, அப்படித்தான் இதுவும். கட்டடம் ஒரு பக்கம் சாய, எடை அதற்கு எதிர்த்திசையில் நகரும். ஆட்டத்தின் சக்தியை அதனோடு இணைந்த கருவிகள் வாங்கி வெப்பமாக்கிக் கரைத்துவிடும். காற்று பலமாக வீசும் இரவில் 800 டன் மேலே நகர்ந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்குகிறது. நினைத்தாலே சிலிர்க்கவில்லையா?

அருகிலுள்ள '432 பார்க் அவென்யூ' வேறொரு வழியையும் கையாண்டது. 1,396 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தில் ஒவ்வொரு 12 தளத்துக்கும் மேல் இரண்டு தளங்களைச் சன்னல் கண்ணாடி போடாமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். காற்றே, நீ உள்ளே வந்து வெளியே போ என்று!

சிகாகோவின் 83-வது மாடி

'காற்று நகரம்' என்றே பெயரெடுத்த சிகாகோவில் 2020-ல் எழுந்து நின்றது செயின்ட் ரீஜிஸ் கோபுரம். 1,198 அடி, 101 மாடி. வடிவமைத்தவர் ஜீன் கேங். ஒரு பெண் வடிவமைத்த கட்டடங்களில் உலகிலேயே உயரமானது இது. இதற்கு முன் அந்தப் பெருமையைப் பெற்றிருந்ததும் அதே சிகாகோவில் அவர் வடிவமைத்த அக்வா கோபுரம்தான். தன் சாதனையைத் தானே முறியடித்திருக்கிறார்!

இதன் 83-வது மாடியில் வீடு இல்லை, சன்னல் இல்லை, யாருமே இல்லை. மிச்சிகன் ஏரியின் மேலிருந்து வரும் காற்றுக்காகவே ஒதுக்கிய மாடி அது. கோடீஸ்வரர்கள் போட்டி போடும் உயரத்தில் ஒரு முழு மாடி காற்றுக்கு! உச்சியில் ராட்சதத் தண்ணீர்த் தொட்டிகளும் உண்டு. கட்டடம் அசைந்தால் தண்ணீர் அலம்பி, அந்த அசைவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும்.

காற்றும் விலைக்கு உண்டு

மீண்டும் நியூயார்க். 1902-ல் பார்க் அவென்யூ சுரங்கத்தில் நீராவிப் புகை கண்ணை மறைக்க, இரண்டு ரயில்கள் மோதி 15 பேர் இறந்தார்கள். அதன்பின் நகருக்குள் நீராவி எஞ்சின்களுக்குத் தடை வந்தது. மின்சார ரயிலுக்குப் புகை இல்லை. அப்படியானால் தண்டவாளங்களை மூடிவிடலாமே, மூடினால் மேலே கட்டடம் கட்டலாமே, மேலேயுள்ள வெளியை வாடகைக்கு விட்டே புது நிலையத்துக்குப் பணம் புரட்டலாமே! இப்படிக் கணக்குப் போட்டவர் வில்லியம் வில்கஸ் என்ற ரயில்வே பொறியாளர். 1913-ல் கிராண்ட் சென்ட்ரல் திறந்தது. இன்று பளபளக்கும் பார்க் அவென்யூ அதன் தண்டவாளங்களின் மேலேதான் நிற்கிறது.

1968-ல் அந்த நிலையத்தின் தலையிலேயே 55 மாடிக் கோபுரம் எழுப்பத் திட்டமிட்டார்கள். நகர நிர்வாகம் மறுத்தது. ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் முன்னின்று குரல் கொடுத்தார். 1978-ல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. நிலையம் பிழைத்தது. அதன் தலைக்கு மேலே கட்டாமல் விட்ட உயரம் மட்டும் 'ஏர் ரைட்ஸ்' என்ற பெயரில் அக்கம்பக்கத்துக்கு விற்கத்தக்க சொத்தாக நீடித்தது.

அந்த வெளியில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி வளர்ந்ததுதான் '270 பார்க் அவென்யூ'. ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் புதிய தலைமையகம். நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த இதன் உயரம் 1,388 அடி, திறந்தது 2025 அக்டோபரில். முன்பு அங்கே 707 அடி உயர யூனியன் கார்பைடு கட்டடம் இருந்தது. கீழே தண்டவாளம் இருந்ததால் அதில் லிஃப்டே இரண்டாவது மாடியில்தான் தொடங்கும்! புதிய கோபுரமும் ரயிலுக்கு வழிவிட்டாக வேண்டும். கிடைத்த சில இடங்களில் மட்டும் கால் ஊன்றி, அங்கிருந்து விசிறியாக விரியும் எஃகுத் தூண்களில் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. தெருவில் நின்று அந்தத் தூண்களைப் பார்த்தால் கீழே ரயில் எங்கே ஓடுகிறது என்று ஊகித்துவிடலாம்.

கதவைத் திறங்கள்!

தைவானின் தைபே 101 கோபுரம் தன் 660 டன் டேம்பரை ஒளித்துவைக்கவில்லை. தங்க நிறம் பூசி, பார்வையாளர்களுக்கு முன்னால் தொங்கவிட்டது. குழந்தைகள் அதைக் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் நிற்கும் 'ஒன் வாண்டர்பில்ட்' கோபுரத்திலும் 520 டன் டேம்பர் உண்டு. அதன் உச்சியிலுள்ள கண்ணாடி அறைகளில் படம் எடுக்கக் கூட்டம் அலைமோதுகிறது. தங்களைத் தலைசுற்றாமல் நிற்கவைக்கும் எடை அதே கட்டடத்துக்குள் இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு சுவரைக் கண்ணாடியாக்கினால் போதும். பத்து வயதுப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்துவிட்டு, "இது எப்படிம்மா வேலை செய்யுது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே அந்தக் கதவைத் திறக்கலாம்!