ஷீட் பெயரைச் செல்லில் எழுதினால் போதும்

மொத்த மளிகைக் கடை ஒன்றின் எக்செல் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதத்துக்கு ஒரு ஷீட். எல்லாவற்றிலும் ஏ நெடுவரிசையில் சரக்கின் கோடு, சி-யில் விற்பனை அளவு. ‘ஜூலையில் துவரம்பருப்பு எவ்வளவு போச்சு?’ என்று முதலாளி கேட்கிறார். கணக்குப்பிள்ளை வீலுக்அப் ஃபார்முலாவில் ‘ஜூன்’ என்பதை அழித்து ‘ஜூலை’ என்று அடிக்கிறார், கடைசி வரி வரை இழுத்துவிடுகிறார். அடுத்த கேள்வி டிசம்பரைப் பற்றி வரும்!

மாதத்தின் பெயரை பி1 செல்லில் எழுதிவிட்டு, ஃபார்முலாவில் ஷீட் பெயர் வரும் இடத்தில் பி1 என்று போட்டால் வேலை நடக்காது. செல்லுக்குள் இருப்பது எக்செல்லுக்கு வெறும் எழுத்து. அது ஓர் இடத்தைக் குறிக்கிறது என்று அதற்குத் தெரியாது. எழுத்தை முகவரியாக மாற்றித் தருவதுதான் இன்டைரக்ட் ஃபங்ஷனின் வேலை.

=வீலுக்அப்(ஏ5, இன்டைரக்ட்("'"&$பி$1&"'!ஏ:சி"), 3, 0)

ஏ5-ல் இருப்பது தேடும் சரக்கின் கோடு. பி1-ல் ‘ஜூலை’ என்று இருந்தால், நடுவில் உள்ள துண்டு 'ஜூலை'!ஏ:சி என்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒற்றை மேற்கோள் குறிகளை விட்டுவிடக் கூடாது. ‘ஜூலை 2025’ என்று பெயரில் இடைவெளி வந்தால், அவை இல்லாமல் பிழைதான் கிடைக்கும். பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் அதே கதி. கையால் அடிப்பதைவிட, டேட்டா வேலிடேஷன் மூலம் மாதங்களின் பட்டியலை பி1-ல் வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வசதிக்கு விலையும் உண்டு. சாதாரண ஃபார்முலா, ஷீட்டின் பெயரை மாற்றினால் தானும் மாறிக்கொள்ளும்; இன்டைரக்ட் பழைய பெயரையே தேடிப் பிழை காட்டும். வேறொரு ஃபைலைப் பார்க்கும்படி எழுதியிருந்தால், அந்த ஃபைல் திறந்திருக்க வேண்டும். எந்தச் செல்லில் எதை மாற்றினாலும் இன்டைரக்ட் உள்ள எல்லா ஃபார்முலாக்களும் மறுபடி கணக்கிடப்படும். சில நூறு வரிகளுக்கு இது தெரியாது. பல ஆயிரம் என்றால் எக்செல் திணறும். அப்போது சூஸ் ஃபங்ஷனில் பன்னிரண்டு ஷீட்டுகளையும் வரிசையாகக் கொடுத்து, மாத எண்ணால் தேர்வது மேல். எழுத நீளம்தான், ஆனால் பெயர் மாறினாலும் உடையாது.

கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். தேதிக்கு ஒரு நெடுவரிசை வைத்து, ஆண்டு முழுவதையும் ஒரே ஷீட்டில் எழுதுங்கள். எந்த மாதத்தின் விற்பனையையும் சம்இஃப்ஸ் கூட்டித் தந்துவிடும்.