மிலிட்டரி மாமாவும் கறுப்பு ஆயிலும்

கெங்கவல்லியிலிருந்து தினமும் ஆத்தூருக்கு பைக்கில் ஆபீஸ் போகிறார் நண்பர். ஆயிலே பார்க்காமல் ஓட்டி, போன மாசம் நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஒரு மாதச் சம்பளம் அம்பேல்! அப்புறம்தான் மாமா ஞாபகம் வந்தது. ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்தவர்.

''சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?''

''என் கையைத்தான் சுட்டுக்கிட்டேன் மாப்ளே... கொதிக்கிற ஆயில்ல!''

அதனால், ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்கணும் என்பது மாமா கட்சி. ஆறிப்போனால் கசடு அடியிலேயே தங்கிவிடுமே! கறுத்த ஆயிலெல்லாம் கெட்ட ஆயில் இல்லையாம். விரலில் நறநறத்தால் உலோகத்தூள். பால் டீ நிறமென்றால் தண்ணீர். இரண்டுமே ஆபத்து.

1950-களில் எல்லைக் காவலுக்கு ராணுவம் வாங்கியது 800 புல்லட். அதைத் தொடர்ந்துதான் 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவே பிறந்தது.

''பட்டாளத்துல வண்டிக்கும் காலையில 'ஃபர்ஸ்ட் பரேட்' உண்டுடா. ஆயில், தண்ணி, டயர் பார்த்துட்டுதான் கிளப்பணும்.''

''பார்க்கலேன்னா..?''

''கிரவுண்டை எட்டு ரவுண்டு... வண்டியில இல்ல!''