ஒலியுங் கோலமும்

பட்டறை என்றதும் கொல்லனது அடைகல்லும் உலைத்தீயும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆங்கு வாளா நிற்போர்க்கு இடமில்லை; வந்தவன் துருத்தியையாவது பிடித்தல் வேண்டும். ஊரார் கூடிக் கலை பயிலும் களத்திற்கும் இக்காலத்திற் பட்டறையென்னும் பெயர் வழங்குதல் பொருத்தமே. செவிக்குரிய கலையும் கண்ணுக்குரிய கலையும் ஒருங்கே பயிலப்படும் பட்டறை எத்தகையது என்பதை ஈண்டு விளக்குவாம்.

இவ்விரண்டும் கூடுதற்கு வழிகாட்டியோருள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி. உலோகத் தகட்டின்மீது மணலைத் தூவி, அதன் விளிம்பை வயலின் வில்லினாற் தேய்த்து ஒலிக்கச் செய்தபோது எழுந்த வடிவங்களை 1787 ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார். தகடு அதிரும் இடங்களினின்று மணல் துள்ளி விலகும். அதிராத கோடுகளிற் சென்று தங்கும். ஆகவே நாம் காணும் அழகிய கோலம் ஒலியின் உருவம் அன்று. ஒலிக்கும் பொருளில் அமைதி நிலவும் இடங்களின் படமேயாகும்.

1885 இல் வேல்ஸ் நாட்டுப் பாடகியாகிய மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் அம்மையார், இறுகக் கட்டிய இறப்பர்த் தோலின் கீழ்க் குழாய்வழியே பாடி, தம் குரலாலேயே இத்தகைய வடிவங்களை எழுப்பினார். இலண்டனில் ஆதரவற்ற சிறுவர்க்கென அவர் நடத்திய இல்லத்தின் சாளரங்களை அக்குரலோவியங்கள் அணிசெய்தன. நம் மிருதங்கமும் இவ்வாராய்ச்சிக்கு உட்பட்டதே. சேர். சி. வி. இராமன் அதன் தோலின்மீது மணலைத் தூவி ஆராய்ந்து, வலந்தலையின் நடுவிலுள்ள கரணையே அதிர்வுகளை இசைக்கியைந்த ஒழுங்கில் நிறுத்துகின்றதென 1934 இல் விளக்கினார்.

பட்டறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. வெறும் பால்மாப் பேணியின் வாயிற் பலூன் இறப்பரை இறுகக் கட்டுக. பக்கத்தே துளையிட்டுக் கடதாசிக் குழாயைப் பொருத்துக. இறப்பரின்மீது நுண்ணிய உப்பைத் தூவுக. ஒருவர் குழாயினுள் ஒரே சுரத்தை நீளப் பாட, உப்பு அசைந்து கோடுகளாய்த் திரளும். சுருதியை மெல்ல உயர்த்தினால், ஓரிடத்தில் அக்கோலங் குலைந்து வேறொன்று பிறக்கும். சூழ இருப்போர் அதனை வரைதல் இரண்டாம் படி. பாட்டைக் கேளாத மற்றொரு குழுவினர் அவ்வரைபை நோக்கித் தம் மனத்துக்குப் பட்டவாறு ஒலியெழுப்புதல் மூன்றாம் படி. இங்குப் பிழையான விடை என ஒன்றில்லை, உற்றுநோக்காமையே பிழை.

இதனாற் பயன் யாதெனிற் கூறுவாம். நம் பாடசாலைகளிற் சங்கீதமும் சித்திரமும் வெவ்வேறு அறைகளில் வாழ்கின்றன. ஒன்றைத் தெரிந்தவன் மற்றையதைக் கைவிடுகின்றான். “உனக்குச் சுருதி சேராது” என்று பத்து வயதிற் சொல்லப்பட்ட சிறுவன் பின்னர் வாழ்நாள் முழுவதும் வாய்திறவாதிருத்தலை ஆசிரியர் பலர் அறிவர். அவனுடைய குரலும் பேணியின்மீது கோலமிடும். செவிப்புலன் குன்றிய பிள்ளையோ விரல்நுனியால் அதிர்வை உணர்ந்து, கண்ணால் ஒலியைக் கண்டு, ஏனையோரோடு சமமாக அமர்ந்து வரையலாம்.

விழாக் காலத்திற் கல்லூரிக்கு மீளும் பழைய மாணவர் மண்டபங்களையும் மதில்களையும் பற்றிச் சிந்தித்தல் இயல்பே. ஒரு சனிக்கிழமையை இத்தகைய பட்டறைக்கு ஒதுக்குதலையும் அவர்கள் சிந்திப்பாராக. மிருதங்கம் அறிந்தவர் ஒருவர், தூரிகை பிடிப்பவர் ஒருவர், சில வெற்றுப் பேணிகள், ஒரு பிடி உப்பு ஆகியன போதும். அன்று முன்வரிசையில் அமரவேண்டியவர், பாடவராது என்று பின்வாங்கில் இருத்தப்பட்ட அந்த மாணவரே.