தானியங்கிப் பெட்டியின் டெர்மினலைப் பிரௌஸர் வழியே திறக்கும் விதம்

ஒசூர், தளி, சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் நிலம் வைத்திருக்கும் ரயத்துக்களில் பலர், பகற்பொழுதைச் சிப்காட் தொழிற்சாலைகளிலோ அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரிலோ கழிக்கின்றனர். அத்தகையோருள் சிலர் கிணற்று மோட்டார், சொட்டு நீர்ப் பாசன வால்வு, பசுமைக்குடிலின் பாகர், வாசல் விளக்கு, காமிரா ஆகிய யாவற்றையும் ஒரே இடத்தில் ஆளும்படி ஒரு தானியங்கிப் பெட்டியை வீட்டில் அமைத்துக் கொள்கின்றனர். ராகி முற்றும் பருவத்தில் பன்னர்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கும் ஜவளகிரிப் பக்கத்தில், நள்ளிரவில் கிணற்று மேட்டுக்கு நடவாமல் வீட்டிலிருந்தே மோட்டாரை நிறுத்தலாம் என்பதொன்றே இதற்குப் போதிய காரணமாகும்.

இவ்வேலைக்கு உலகெங்கும் மிகுதியாய் வழங்குவது ஹோம் அஸிஸ்டெண்ட் என்னும் மென்பொருள். 2013-ல் பௌலுஸ் ஸ்கௌட்ஸன் என்பவர் தொடங்கிய இது, 2024 முதல் ஒரு பொது அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்து வருகிறது, விலை இல்லை. ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கையளவு கணிப்பொறியிலும் நன்கு நடக்கும். பெட்டி நம் வீட்டிலேயே இருப்பதால், இண்டர்நெட் அறுந்தபோதும் வீட்டு வைபை எட்டுமளவும் வேலை நிற்பதில்லை. அன்றாட வேலைக்குத் திரையிலுள்ள பொத்தான்களே போதும். ஆனால் பெட்டி பிணங்கும் நாளும் வரும். அன்று பொத்தான்கள் உதவா. பெட்டியோடு எழுத்தால் பேச வேண்டியிருக்கும். அவ்வாறு பேசும் இடத்துக்கே டெர்மினல் என்று பெயர்.

டெர்மினல் புதிய வஸ்து அன்று. கணிப்பொறி ஓர் அறை முழுவதையும் அடைத்து நின்ற காலத்தில், தந்தி அச்சு யந்திரம் போன்ற டெலிடைப்பின் மூலமே அதற்குக் கட்டளை இட்டனர். பின்னர் திரையுடன் கூடிய பெட்டிகள் வந்தன. அவற்றுள் 1978-ல் வெளிவந்த வி.டி.100 என்பதன் நடத்தையையே, இன்று பிரௌஸரில் தோன்றும் கறுப்புக் கட்டமும் பின்பற்றுகிறது. விசைப்பலகையும் திரையும் பெட்டியின் அருகே கொண்டு சென்று பொருத்த வேண்டிய வேலையை, இப்போது கைப்பேசியிலேயே செய்துவிடலாம் என்பதே வேறுபாடு.

அமைக்கும் விதம் பின்வருமாறு. வீட்டு வைபையில் இருந்துகொண்டு, பெட்டியின் முகவரியையும் அதன்பின் 8123 என்னும் வாயில் எண்ணையும் பிரௌஸரில் இட்டு, நிர்வாகி உரிமையுள்ள கணக்கால் உள்நுழைக. ஸெட்டிங்ஸ் பகுதியில் ஆப்ஸ் என்னும் பிரிவு உண்டு. பழைய பதிப்புகளில் இதற்கு ஆட்-ஆன்ஸ் என்று பெயர். அதன் பண்டசாலையில் 'டெர்மினல் அண்ட் எஸ்.எஸ்.ஹெச்.' என்பதைத் தேடி நிறுவுக. பழைய பதிப்பாயின், பயனர் பக்கத்தில் 'அட்வான்ஸ்ட் மோட்' என்பதை முதலில் இயக்கினாலன்றி இது கண்ணுக்குத் தென்படாது; பலர் இங்கேயே திகைத்து நிற்பதுண்டு. நிறுவியபின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, பக்கப்பட்டியில் காட்டும்படியும் குறித்துவிட்டால் வேலை முடிந்தது. கட்டளைக்கெனத் தனியே கடவுச்சொல் வேண்டுவதில்லை. உள்நுழைந்த நிர்வாகிக்கே அக்கதவு திறக்கும். இதே வேலைக்கு இன்னும் மிகுந்த அதிகாரமுள்ள வேறொரு துணைச் செயலியும் பண்டசாலையில் கிடைக்கிறது. அதில் 'புரொடெக்ஷன் மோட்' என்னும் காவலை எடுத்துவிடும்படி சிலர் உபதேசிப்பர்; நம் ரயத்துக்களுக்கு அது சிறிதும் வேண்டியதன்று.

கட்டளைகள் மிகச் சிலவே போதும். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கிடையே ஓர் இடைவெளி விட்டு, 'ஹெச்ஏ' என்று தொடங்குவன. 'ஹெச்ஏ கோர் லாக்ஸ்' என்றால் பெட்டி தன் நாட்குறிப்பைக் காட்டும். எந்த வெப்பமானி எப்போது பேச்சற்றுப் போயிற்று என்பது அதில் தெரியும். 'ஹெச்ஏ பேக்கப்ஸ் நியூ' என்றால் அமைப்பு முழுவதற்கும் நகல் எடுக்கும். 'ஹெச்ஏ கோர் செக்' என்பதே எல்லாவற்றினும் முக்கியமானது. இதனைச் சற்று விவரிப்போம்.

பாகர் எத்தனை டிகிரியில் ஓடவேண்டும், வால்வு எத்தனை நிமிஷம் திறந்திருக்கவேண்டும் என்பன போன்ற விதிகளைச் சிலர் ஓர் எழுத்துக் கோப்பில் எழுதி வைப்பர். யாமல் என்னும் அவ்வகைக் கோப்பில், வரியின் முன் விடும் வெற்றிடமே பொருளைத் தீர்மானிக்கிறது. இரண்டு இடம் விடவேண்டிய வரியில் மூன்று இடம் விட்டால் விதி பிழையாகிவிடும். டாப் விசையை அழுத்தி இடம் விடுவதும் கூடாது. பிழையைக் கவனியாமல் பெட்டியை மறுபடி தொடங்கினால், அது பழுதுநீக்கு நிலையில் எழும்பும் அல்லது எழும்பாமலே போகும். பங்குனி, சித்திரையில் நண்பகலில் இவ்வாறு நேர்ந்து பாகர் ஓடாமல் நின்றால், பசுமைக்குடிலின் வெப்பம் வெளிவெப்பத்தினும் விரைவில் ஏறிவிடும். ரோஜாவோ பகலில் 24 முதல் 28 டிகிரியில் செழிப்பது. ஆதலால் கோப்பைத் திருத்தியவுடன் மேற்படி பரிசோதனைக் கட்டளையை இட்டு, பிழையில்லை என்று விடை வந்தபின்னரே 'ஹெச்ஏ கோர் ரீஸ்டார்ட்' இடவேண்டும். இவ்வொழுங்கைக் கைக்கொள்வோர்க்கு, நிறுவிக் கொடுத்த மெக்கானிக்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அவசியம் பெரும்பாலும் நேராது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிரௌஸரில் தெரியும் டெர்மினல், ஹோம் அஸிஸ்டெண்டின் முகப்பு வழியாகவே நமக்குக் கிட்டுகிறது. முகப்பே எழும்பாவிட்டால் டெர்மினலும் திறவாது. கூடத்துக் கதவு அடைபட்டால் கூடத்தினுள் இருக்கும் பெட்டிச் சாவி கைக்கு எட்டாததைப் போன்றதே இது. அந்நாளைக்கென்று இரண்டாம் வாயிலொன்றை முன்னதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதே துணைச் செயலியின் அமைப்பில், எஸ்.எஸ்.ஹெச்.சுக்குரிய 22-ஆம் வாயிலை வீட்டு வலைக்குள் மட்டும் திறக்கலாம்; இயல்பில் அது மூடியே இருக்கும். பின்லாந்தில் ஹெல்ஸிங்கிப் பல்கலைக்கழகமொன்றின் வலையில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட திருட்டு நிகழ்ந்ததன் பயனாய், 1995-ல் தாத்து யூலோனன் என்பவர் இயற்றியதே எஸ்.எஸ்.ஹெச். முறை. அதில் செல்லும் பேச்சு முழுதும் மறைகுறியிடப்பட்டது. கடவுச்சொல்லைவிடச் சாவிக்கோப்பு முறையே மேலானது. முகப்பு விழுந்த நாளில், 4357 என்னும் வாயில் எண்ணைப் பிரௌஸரில் இட்டு, பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்பதையும் அறியலாம்.

வெளியூரிலிருந்து டெர்மினலைத் திறப்பதைப் பற்றியே மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். ரௌட்டரில் ஒரு வாயிலை உலகுக்குத் திறந்துவிட்டால் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று சொல்லுவர். அது மெய்யே, நாம் பார்ப்பது போலவே மற்றெவரும் பார்க்கலாம். 2016-ல் மிராய் என்னும் தீநிரல், டெல்நெட் என்ற காவலற்ற டெர்மினல் வாயில் திறந்திருந்த காமிராக்களையும் ரௌட்டர்களையும் உலகெங்கும் தேடிச் சென்றது. ஆலையில் இட்டனுப்பிய 60-க்கு மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று லக்ஷக்கணக்கில் அவற்றைப் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ல் டைன் கம்பெனியைத் தாக்கிப் பல பெரிய தளங்களை நிறுத்தியது. ஹோம் அஸிஸ்டெண்டும் விதிவிலக்கன்று. 2023 மார்ச்சில், உள்நுழையாமலே அதன் மேற்பார்வைப் பகுதியை எட்டக்கூடிய பழுதொன்று வெளியாயிற்று. அதன் கடுமை 10-க்கு 10 என மதிப்பிடப்பட்டது. திருத்தம் பெட்டிகளுக்குத் தானாகவே அனுப்பப்பட்டதாயினும், உலகுக்கு வாயில் திறந்திருந்தவர்க்கு இடைக்காலத்தில் இருந்த அபாயம் மற்றவர்க்கு இருக்கவில்லை.

மோட்டாரையும் வாசற் பூட்டையும் ஆளும் பெட்டியில் டெர்மினல் பிறர் கைப்பட்டால் வீடே கைப்பட்டது. ஆகவே ரௌட்டரில் வாயில் திறத்தல் ஒருபோதும் கூடாது. டெயில்ஸ்கேல், வயர்கார்ட் போன்ற தனிவழி முறையொன்றைப் பெட்டியிலும் கைப்பேசியிலும் நிறுவிக் கொண்டால், அவ்விரண்டுக்கும் மட்டுமேயான சுரங்கப்பாதை உண்டாகும். இவற்றுள் டெயில்ஸ்கேல், கைப்பேசிச் சிம் கார்டின் மூலம் இண்டர்நெட் பெறும் தோட்டங்களுக்கு மிகவும் ஏற்றது. அத்தகைய இணைப்பில் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பலர் பங்கிடுவதால், வாயில் திறக்கும் முறை அங்கு எவ்வாறாயினும் பலியாது. இதனுடன் கணக்குக்கு இரண்டாம் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்துக் கொள்க. தவறான கடவுச்சொல்லைப் பன்முறை இடுவோரைத் தடுக்கும் வசதியும் உண்டு. எத்தனை முறை என்பதை நாமே குறித்தாலன்றி அது செயற்படாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியின் மோட்டாருக்கு இத்தகைய பெட்டி அமைப்பின், அனைவர்க்கும் ஒரே கணக்கு வைத்துக் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதும் வழக்கம் வேண்டாம். ஆளுக்கொரு கணக்கும், ஒருவர் அல்லது இருவர்க்கு மட்டும் நிர்வாகி உரிமையும் போதும். மாற்றலாகிச் செல்பவரின் கணக்கை அன்றே நீக்குக. இணையக் குற்றம் நேரின் 1930 என்னும் எண்ணில் முறையிடலாம்.

எடுத்த நகலைப் பெட்டியிலேயே வைப்பதில் பயனில்லை. மின்தடையால் நினைவட்டை கெட்டால் இரண்டும் ஒருங்கே போகும். 2025 முதல் நகல்கள் மறைகுறியிடப்படுவதால், அதன் திறவுகோலைத் தாளில் எழுதிப் பட்டாவுடன் வைத்துக் கொள்வது நலம். மோட்டாரின் பழைய ஸ்டார்ட்டரையும் கைவிசையையும் எக்காரணங்கொண்டும் கழற்றிவிடலாகாது. பிப்ரவரி 14-க்குரிய ரோஜா ஏற்றுமதியால் பறிப்பு மும்முரமாயிருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். மழை பெய்து பாகருக்கும் மோட்டாருக்கும் ஓய்வுள்ள ஐப்பசியில் தொடங்கி, ஒரு வாரம் வீட்டு வைபையிலேயே பழகியபின் தனிவழியை அமைப்பதே உசிதம்.