குதிரைத்திறன் கடைசியில் வரட்டும்

ஜப்பானின் இபராக்கி மாகாணத்தில், ஷிமோட்சுமா என்ற ஊரில் 1970-ல் திறக்கப்பட்டது ட்சுகுபா ரேஸ் ட்ராக். ஒரு சுற்று 2,045 மீட்டர். ஃபுஜி, சுசுகா ஆகிய பெரிய ட்ராக்குகளின் நீளத்தில் இது பாதிகூட இல்லை. ஆனால் சொந்தக் காரைச் சாலையில் ஓட்டிவந்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சுமார் இருபது நிமிடம் முழு வேகத்தில் சுற்றிவிட்டு, அதே காரில் வீடு திரும்பும் அமெச்சூர் ஓட்டுநர்களுக்கு உரைகல் இதுதான். ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடிப்பது, காரை மாற்றியமைத்து ஓட்டுகிறவர்களின் நெடுநாள் கனவு. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கார்கள் இன்றும் அங்கே ஓடுகின்றன: 1983-ல் வந்த டொயோட்டா ஏஇ86, 1988-ன் நிஸான் சில்வியா, 1989 என்ற ஒரே ஆண்டில் பிறந்த மாஸ்டா ரோட்ஸ்டரும் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆரும், 1991-ன் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. எல்லாமே முப்பது வயதைத் தாண்டியவை. இப்படி ஒரு காரை முதல் ட்ராக் டேக்குத் தயார் செய்கிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் இந்த வாரக் கேள்வி. பெரும்பாலோர் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள்: புதிய சைலன்சர், பெரிய டர்போ, கூடுதல் குதிரைத்திறன். இது தலைகீழான வரிசை என்பது என் முடிவு. இந்தக் கார்களுக்குச் சக்தி ஒருபோதும் குறையாக இருந்ததில்லை. குறைந்திருப்பது, முப்பது ஆண்டுகளில் இறுகியும் வெடித்தும் கசிந்தும் போன ரப்பரும் பிளாஸ்டிக்கும், வெப்பத்தைத் தாங்கும் திறனும்தான். முதலில் அவற்றை மீட்க வேண்டும்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். முதல் தலைமுறை ரோட்ஸ்டரின் எடை சுமார் 940 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்தால் 1,020 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நேர்ப்பாதையின் முடிவில் 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இந்தக் கார், வளைவுக்காக 75-க்குக் குறைகிறது. அந்த இரண்டு மூன்று விநாடிகளில் பிரேக்குகள் விழுங்கும் ஆற்றல் ஏறத்தாழ 6,60,000 ஜூல். வீட்டுக் குழாயில் பிடித்த இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால், இதில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகள் மேல் விழுகிறது. ட்சுகுபாவில் ஒரு சுற்றுக்கு நான்கு இடங்களிலாவது இப்படி அழுத்தி மிதிக்க வேண்டும். இருபது நிமிடத்தில் பதினைந்து சுற்று என்றால் அறுபது முறை. ஒரு முறை ஏறிய சூடு இறங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சாலையில் ஒரு மாதம் ஓட்டினாலும் இந்த அளவு சூடு பிரேக்கில் ஏறாது. இங்கே எஞ்சினின் சக்தியைக் கூட்டினால் என்ன ஆகும்? வேகம் கூடும், ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நேர்ப்பாதையின் முடிவில் பத்து சதவீதம் வேகம் கூடினால், காரின் இயக்க ஆற்றல் இருபத்தொரு சதவீதம் கூடுகிறது. ஆர்32 ஜிடி-ஆர் 1,430 கிலோ. அதே வேகத்தில் ரோட்ஸ்டரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சூட்டை அது பிரேக்கில் இறக்குகிறது. அந்தக் காரின் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு டர்போவை மாற்றுகிறவர் காருக்கு நல்லது செய்யவில்லை.

இந்தச் சூடு டிஸ்க்கோடு நிற்பதில்லை. பேட் வழியாக, காலிப்பரின் பிஸ்டன் வழியாக, உள்ளே இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஹோஸ் ரப்பர் வழியாகக்கூட ஈரம் மெதுவாக உள்ளே போகும். டாட்-4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் தர நிர்ணயம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. டாட்-3 இன்னும் கீழே: 205, 140. சாலையில் 155 டிகிரி தாராளம். ட்ராக்கில் அது ஐந்தாறு சுற்றுக்குமேல் தாங்காமல் போகலாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. அதற்கு முன்பே பெடல் சற்று மெத்தென்று இறங்கத் தொடங்கும். அந்த முதல் அறிகுறியிலேயே வேகத்தைக் குறைத்து வெளியே வந்துவிட வேண்டும். இன்னொரு சுற்று பார்ப்போம் என்பது கூடாது. ஒரு டப்பா நல்ல பிரேக் ஆயில், அதை முறையாக மாற்ற மெக்கானிக்குக்கு ஒரு மணி நேரம், புதிய பிரேக் ஹோஸ்கள், காலிப்பர் சீல்கள், அதிகச் சூட்டிலும் பிடிப்பை இழக்காத பேட்கள். டர்போ மாற்றும் செலவில் இது ஒரு சிறு பகுதிதான். ஆனாலும் பலர் இதைச் செலவாகவே கருதுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால்.

இதற்கு ஜப்பானில் எழும் முதல் மறுப்பு, அரசுப் பரிசோதனையைக் காட்டி வருவது. ஷாக்கென் எனப்படும் கட்டாய வாகனப் பரிசோதனை புதிய காருக்கு மூன்று ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் உண்டு. கடுமையானது என்று பெயர் பெற்றது. அதில் தேறிய கார் ட்ராக்குக்கும் போதும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பரிசோதனை இருப்பதால்தான் அங்கே முப்பது வயது கார்கள் துருப்பிடித்துச் சிதறாமல் ஓடுகின்றன. ஆனால் அது எதை அளக்கிறது? உருளைமேல் நிறுத்தி ஒருமுறை பிரேக் பிடிப்பதை, விளக்கின் திசையை, புகையை, ஸ்டியரிங் மூட்டுகளின் ஆட்டத்தை. எல்லாம் வண்டி குளிர்ந்த நிலையில், நின்ற இடத்தில். அறுபதாவது முறை மிதிக்கும்போது பெடல் எங்கே இருக்கும் என்பதை அது கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. சாலைக்குத் தகுதி என்ற சான்றிதழை ட்ராக்குக்குத் தகுதி என்று வாசிப்பது நம் தவறாகவே இருக்கும்.

அடுத்தது கூலிங். முதல் தலைமுறை ரோட்ஸ்டரின் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பாருங்கள். பிளாஸ்டிக்கால் ஆனது; பிறந்தபோது கறுப்பு. வயதும் சூடும் ஏற ஏற அது பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வந்துவிட்டால் பிளாஸ்டிக் நொறுங்கத் தயாராகிவிட்டது என்று பொருள். உலோகப் பகுதியோடு அது சேரும் விளிம்பில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு விழும். ட்ராக்கில் அழுத்தம் ஏறும்போது அது பிளக்கும். கூலன்ட் கொட்டினால் உங்கள் எஞ்சின் மட்டும் போவதில்லை, பின்னால் வருகிறவரின் டயர் அதில் வழுக்கும். இதைவிட மோசம், ஓட்டுநருக்கு இது கடைசிவரை தெரியாமல் போகலாம் என்பது. அந்தக் காரின் வெப்ப முள், பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. முள் அசையும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே தனியாக ஒரு வெப்ப மீட்டரும், அலுமினிய ரேடியேட்டரும், புதிய ஹோஸ்களும் இருபது குதிரைத்திறனைவிட மதிப்புள்ளவை. ரோட்ஸ்டரின் எஞ்சின், முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காக வைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது; ரோட்ஸ்டரில் நீளவாக்கில் வைத்தபோது கூலன்ட் வெளியேறும் வழி முன்பக்கம் வந்தது. அதனால் பின் சிலிண்டருக்குக் கூலன்ட் ஓட்டம் குறைவு. இந்த வழியை மாற்றியமைப்பதும் ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் செய்யும் நல்ல வேலை. ஆர்எக்ஸ்-7 விஷயத்தில் கூலிங் உயிர்ப் பிரச்சினை. அதன் ரோட்டரி எஞ்சின் ஒருமுறை அதிகச் சூடு கண்டால் உள்ளே கூலன்ட் சீல்கள் போய்விடும். பிறகு முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும். அந்தக் காரில் கூலன்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் சிறு தொட்டியும் பிளாஸ்டிக்தான், வெடிப்பதற்குப் பேர்போனது.

இங்கே இன்னொரு மறுப்பைக் கேட்க வேண்டும். ஆர்32 ஜிடி-ஆர் 1990 முதல் 1993 வரை ஜப்பானின் குரூப்-ஏ டூரிங் கார் போட்டியில் ஓடிய 29 பந்தயங்களிலும் வென்றது. இப்படிப்பட்ட காருக்கா ட்ராக் தாங்காது என்கிறீர்கள் என்று கேட்பார்கள். அந்த வெற்றி உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. பந்தயக் குழுக்கள் எஞ்சினைப் பிரித்துப் பிரித்துக் கட்டின. நாம் பேசுவது சாலைக்கு விற்கப்பட்ட காரைப் பற்றி. அதே ஆர்பி26 எஞ்சினின் முற்காலத் தயாரிப்புகளில், கிராங்கின் முனை ஆயில் பம்பைப் பிடித்துச் சுழற்றும் இடம் குறுகலானது. உச்ச வேகத்தில் எஞ்சின் அதிரும்போது பம்பின் உள்பல்சக்கரம் உடைந்திருக்கிறது. பிற்காலத் தயாரிப்பில் அந்தப் பிடிமானத்தை அகலமாக்கினார்கள். 280 குதிரைத்திறன் என்று எழுதி விற்ற எஞ்சினை 400, 500 என்று ஏற்றுகிறவர், அந்தச் சிறு பிடிமானத்தை முதலில் பார்க்க வேண்டும். சில்வியாவின் எஸ்ஆர்20 எஞ்சினில் எல்லை தாண்டிச் சுழற்றினால் ராக்கர் ஆர்ம் நழுவும். பெயர்பெற்ற ஒவ்வொரு எஞ்சினுக்கும் இப்படி ஒரு பலவீனம் உண்டு. காரின் புகழைவிட அதன் பலவீனத்தை அறிந்திருப்பதே தயாரிப்பு.

டயரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தயாரிப்பு தடம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான். ரோட்ஸ்டர் 185/60 ஆர்14 அளவு டயரோடு வந்தது. அதன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ், பேரிங், ஆயில் சம்ப் எல்லாம் அந்த டயர் தரும் பிடிப்புக்குக் கணக்கிடப்பட்டவை. இன்று கிடைக்கும் ஒட்டும் ரப்பர் டயரைப் போட்டால் வளைவில் வேகம் உடனே கூடும். செய்த செலவுக்கு இவ்வளவு பலன் வேறெதிலும் இல்லை என்றே தோன்றும். ஆனால் வளைவில் பக்கவாட்டு விசை கூடும்போது சம்பிலுள்ள ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கிறது. ட்சுகுபாவின் கடைசி வளைவு வலப்பக்கமாக நீண்டுபோவது. பல விநாடிகள் ஆயில் அங்கேயே நிற்கும். உறிஞ்சு குழாயின் வாய் காற்றை இழுத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. எஞ்சினை உடைத்தது டயர் என்று அப்போது யாருக்கும் தோன்றாது. டயருக்காகச் சம்பில் தடுப்புத் தகடு, அந்தப் பிடிப்புக்காக இறுக்கமான ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்காகப் புதிய புஷ், கூடிய வேகத்துக்காகப் பெரிய பிரேக் என்று ஒன்று இன்னொன்றைக் கேட்டுக்கொண்டே போகும். 2017-ல் மாஸ்டா இந்தக் காருக்கு மீட்புப் பணியைத் தொடங்கியபோது, பாகங்களை மட்டுமல்லாமல் அந்தப் பழைய பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்-325 டயரின் மறுபதிப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தது. காரைச் செய்தவர்கள் டயரை அந்தக் கணக்கின் ஓர் உறுப்பாகவே பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முதல் ஆண்டு ட்ராக்கில் ஓட்டுகிறவருக்கு நல்ல சாலை டயரே சரி. அது மெதுவாக வழுக்கும், முன்கூட்டியே சத்தம் போடும், ஓட்டக் கற்றுக்கொடுக்கும்.

நியாயமான ஓர் எதிர்வாதத்துக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். பிறந்த நிலைக்கு மீட்டால் மட்டும் போதுமா? பிறந்தபோதே அந்தக் கார்களின் பிரேக்கும் கூலிங்கும் ட்ராக்குக்குப் போதவில்லையே? உண்மைதான். ஜப்பானில் சாலைக் கார்களின் வேகத்தை 180 கிலோமீட்டரில் தடுக்கும் கருவி இருந்தது. 1989 முதல் 2004 வரை 280 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை என்று நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உடன்பாடும் இருந்தது. அந்த உலகத்துக்காகச் செய்யப்பட்ட பிரேக்கை அப்படியே நம்பச் சொல்லவில்லை. பேட், ஆயில், ரேடியேட்டர், ஆயில் கூலர், சம்ப் தடுப்பு ஆகியவற்றில் பழைய அளவைத் தாண்டிப் போவதை நானே பரிந்துரைக்கிறேன். வெப்பத்தைக் குறைக்கும் மாற்றம் எதற்கும் தடையில்லை. வெப்பத்தைக் கூட்டும் மாற்றம் எல்லாம் வரிசையின் கடைசியில் நிற்கட்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் ஒரு பழைய காரை வதைக்க வேண்டும், கூடத்தில் மூடி வைத்துக் காக்கலாமே என்பாரும் உண்டு. அமெரிக்காவின் 25 ஆண்டு இறக்குமதி விதிப்படி ஆர்32-க்கு 2014-ல் கதவு திறந்தது. ஜப்பானிலிருந்து நல்ல கார்கள் கப்பலேறின, விலையும் ஏறியது. காக்க வேண்டும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஓடாமல் நிற்கும் காரில் சீல்கள் காய்கின்றன, பிரேக் பிஸ்டன் துருப்பிடிக்கிறது, பெட்ரோல் கெடுகிறது. மேலும், பாகங்கள் மீண்டும் தயாராவது ஓட்டுகிறவர்கள் கேட்டு வாங்குவதால்தான். மாஸ்டாவைப் போலவே நிஸானும் 2017-ல் ஆர்32-க்குப் பாகங்களை மறுபடி வார்க்கத் தொடங்கியது. டொயோட்டா 2020-ல் பழைய சூப்ராவில் ஆரம்பித்துப் பின்னர் ஏஇ86-க்கு வந்தது. ஓட்டுகிறவர்கள் இல்லையென்றால் இந்த வரிசையில் எந்த அச்சும் மறுபடி திறந்திருக்காது. புதிய கார் இதைவிடப் பாதுகாப்பானது என்ற வாதத்துக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. மோதலைத் தாங்கும் உடற்கட்டில் 1989-ன் கார் இன்றைய காருக்கு ஈடாகாது. அதனால்தான் திறந்த கூரைக் காருக்கு ரோல் பார் இல்லாமல் ட்ராக்கில் இறங்கவே கூடாது என்கிறேன்.

இருக்கை, பெல்ட், ரோல் பார் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்குள் ஒரு வேலை செய்துவிடுங்கள், உங்கள் கார் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து ஆண்டுக்கு முந்தைய எண்ணாக இருந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் ட்ராக்குக்குப் போகாதீர்கள்.